வழிகாட்டி சொன்னதும் வரலாறு சொல்வதும்

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று கவனிக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. அந்த அழைப்பு கண்ணுக்கு மட்டும் உரியதன்று; சிந்தனைக்கும் உரியது. ஆனால் இன்றைய சுற்றுலாவில் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். ஒரு பேருந்து, ஒரு வழிகாட்டி, நாலைந்து இடங்கள். அந்த ஒரு நாளில் காதில் விழுந்ததையெல்லாம் ஊர் திரும்பியதும் அண்டை அயலாரிடமும் பிள்ளைகளிடமும் வரலாறு என்றே சொல்லிவிடுகிறோம். அவற்றில் எது வரலாறு, எது கதை என்று எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

முதன்முறையாக ஹைதராபாத் நகரைக் காணக் குடும்பத்துடன் சென்றிருந்தபோது, இந்தக் கேள்வி நாள் முழுவதும் என்னுடன் வந்தது. எங்கள் வழிகாட்டி அறுபது வயதைக் கடந்த பெரியவர். தக்கினி உருதுவிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். கதை சொல்வதில் வல்லவர். அவர் பேசும்போது பேருந்தில் இருந்த குழந்தைகளும் வாய் திறவாமல் கேட்டார்கள்.

காலையில் கோல்கொண்டா கோட்டை. நுழைவாயில் மண்டபத்தின் கீழே நின்று கை தட்டினால், சுமார் 120 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியில் இருக்கும் பாலா ஹிஸார் மண்டபத்தில் அந்த ஓசை கேட்கும் என்றார் பெரியவர். என் இளைய மகன் நம்பவில்லை. "நான் மேலே போகிறேன். நீங்கள் கீழேயிருந்து எத்தனை தட்டு தட்டுகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள் அத்தா" என்று கூறிவிட்டு, மற்றவர்களுடன் படியேறினான். நான் மூன்று தட்டு தட்டிச் சற்று நிறுத்தி, மேலும் இரண்டு தட்டினேன். மூச்சிரைக்க இறங்கி வந்த மகன், "மூன்றும் இரண்டும்" என்றான். இது சோதித்து அறியக்கூடிய செய்தி. சோதித்தோம், உண்மை என்று கண்டோம்.

அடுத்து, கோட்டையிலிருந்து சார்மினார் வரை பூமிக்கடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு என்றார். நான் பணிவுடன், "தாங்கள் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். "இல்லை மௌலானா. எனக்குத் தொழில் கற்றுத் தந்த உஸ்தாத் சொன்னார். அவருக்கு அவருடைய தந்தை சொன்னாராம்" என்றார். "தந்தைக்கு யார் சொன்னார்?" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். "அது தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு செய்தியையும் "இது எழுதப்பட்டிருக்கிறது", "இது கேள்விப்பட்டது" என்று தாமாகவே பிரித்துச் சொல்லத் தொடங்கினார்.

எழுதப்பட்டவை நம் எண்ணங்களைத் திருத்தக்கூடியவை. எட்டு மாத முற்றுகைக்குப் பின், 1687ஆம் ஆண்டு கோல்கொண்டா வீழ்ந்தது. முற்றுகையிட்ட ஔரங்கசீப்பும் முஸ்லிம். தோற்ற சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவும் முஸ்லிம். அந்த சுல்தானின் ஆட்சியை முன்னின்று நடத்தியவர்களோ மாதண்ணா, அக்கண்ணா என்னும் பிராமணச் சகோதரர்கள். வரலாற்றை "நம்மவர், பிறர்" என்று இரண்டே பெட்டிகளில் அடைக்க விரும்புவோருக்குக் கோல்கொண்டா இடம் கொடுப்பதில்லை.

நண்பகலில் மூஸி ஆற்றின் தென்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். மணிக்கொரு முறை சிறு பொம்மை வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னும், முகத்திரையையும் பளிங்கிலேயே செதுக்கிய ரெபேக்கா சிலையின் முன்னும் பெருங்கூட்டம். திருக்குர்ஆன் கையெழுத்துப் பிரதிகள் உள்ள கூடத்தில் அவ்வளவு நெரிசல் இல்லை. அங்கே பக்தாதின் புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர் யாகூத் அல் முஸ்தஃஸிமியின் பெயரைத் தாங்கிய பிரதி ஒன்று இருக்கிறது. ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகிய மூன்று மன்னர்களின் முத்திரைகள் அதில் உள்ளன. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைத் தன் மேனியிலேயே சுமந்து நிற்கும் நூல் அது. சுரங்கப்பாதைக் கதைக்கு இல்லாமல் போனது இதுதான்.

மாலையில் வளையல் கடைகள் மின்னும் லாட் பஜாரைக் கடந்து சார்மினாரை அடைந்தோம். இதனை 1591ஆம் ஆண்டு எழுப்பியவர் முகம்மது குலி குத்ப் ஷா. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டின் நினைவாக எழுப்பினார் என்பாரும் உளர். கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பினார் என்பாரும் உளர். மன்னர் பாக்மதி என்னும் பெண்ணை விரும்பி மணந்து, அவள் பெயரால் இந்நகருக்குப் பாக்நகர் என்று பெயரிட்டார் என்ற கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். அக்காலத்திலேயே வாழ்ந்த ஃபைஸியும் ஃபிரிஷ்தாவும் இதனைக் குறித்துள்ளனர். குத்ப் ஷாஹி வரலாற்றை ஆழ்ந்து ஆராய்ந்த ஹாரூன் கான் ஷெர்வானியோ இதனை ஏற்கவில்லை. இத்தகைய செய்தியில் இரு தரப்பையும் சொல்லி நிறுத்துவதே நேர்மை.

அஸர் தொழுகைக்கு மக்கா மஸ்ஜிதுக்குச் சென்றோம். குத்ப் ஷாஹி மன்னர்கள் தொடங்கிய அப்பெரும் பள்ளிவாசலின் பணி, ஔரங்கசீப் காலத்தில் 1694ஆம் ஆண்டு நிறைவெய்தியது. மக்காவிலிருந்து கொண்டுவந்த மண்ணால் செய்த செங்கற்கள் நடு வளைவில் பதிக்கப்பட்டுள்ளன என்றும், பெயர்க் காரணம் அதுவே என்றும் கூறிய பெரியவர், "இது கேள்விப்பட்டது" என்று சேர்த்துக்கொண்டார். "உண்மையாக இருந்தால் நன்றாக இருக்கும் அல்லவா அத்தா?" என்றான் மகன். நன்றாக இருக்கும்தான். ஆயினும், கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு செய்தி உண்மையாகிவிடாது. மக்களை நன்மையின்பால் தூண்டும் நோக்கத்துடன் புனையப்பட்ட செய்திகளையும் நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் தயங்காமல் தள்ளினார்கள். அறிவித்தவர் யார், அவர் யாரைச் சந்தித்தார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொருவராக விசாரித்த சமுதாயம் நம் சமுதாயம்.

பள்ளியின் முற்றத்தில் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில், "2007 மே 18. இது கேள்விப்பட்டதன்று மௌலானா. அன்று நான் இங்கே ஜும்ஆ தொழ வந்திருந்தேன்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை இங்கே குண்டு வெடித்துத் தொழ வந்தவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பின் சந்தேகத்தின் பேரில் முஸ்லிம் இளைஞர்கள் பலர் பிடிக்கப்பட்டார்கள். உயிர்களை இழந்து துயருற்ற சமுதாயத்தின் பிள்ளைகளே குற்றவாளிகள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. பின்னர் அவர்களில் பலரை நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது. ஆனால் சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவார்? தெருவில் பரவிவிட்ட பேச்சை யார் திரும்பப் பெறுவார்?

ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்பது 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் ஆறாவது வசனம் தரும் போதனை. பிறர் நம்மைப் பற்றிப் பரப்பும் ஆதாரமற்ற செய்தி நமக்கு எப்படி வலிக்கிறது என்பதை அறிவோம். அப்படியிருக்க, நமக்குப் பெருமை தரும் ஆதாரமற்ற செய்தியை மட்டும் நாம் எப்படிப் பரப்பலாம்? சுரங்கப்பாதையைப் பற்றி "யார் பார்த்தது?" என்று கேட்கப் பழகிய பிள்ளைதான், நாளை ஒரு மனிதனின் மீது சுமத்தப்படும் பழியைப் பற்றியும் அவ்வாறு கேட்பான். கைபேசியில் நொடிக்கொரு செய்தி வந்து விழும் இக்காலத்தில், இந்தப் பழக்கம் சிறு வயதிலேயே வர வேண்டும்.

ஆகவே, சகோதர சகோதரிகளே! பிள்ளைகளை ஊர் காண அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டியை மதியுங்கள், நாள் முழுவதும் வெயிலில் நின்று பேசுபவர் அவர். அவர் சொல்வதை மறுத்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். "இதைத் தாங்கள் எப்படி அறிந்தீர்கள்?" என்று மட்டும் கனிவுடன் கேளுங்கள். இரவு அறைக்குத் திரும்பியதும் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, அன்று பார்த்தவை, எழுதப்பட்டவை, கேள்விப்பட்டவை என்று மூன்று பத்திகளாக எழுதச் சொல்லுங்கள். என் மகன் எழுதிய தாளில் கேள்விப்பட்டவையே மிக நீளமாக இருந்தன. அந்தத் தாளை இப்போது என் மதரஸா மாணவர்களுக்கும் காட்டி வருகிறேன்.