சுவரைப் பார்க்கும் முன் கிராண்டைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகிற இளம் தம்பதிகள் முதலில் சமையலறைக்குள் நுழைவார்கள். பிறகு சாமி அறைக்கு இடம் இருக்கிறதா, இரண்டு கார் நிறுத்த முடியுமா என்று பார்ப்பார்கள். தரகர் ஒரு விலை சொல்வார், இவர்கள் ஒரு விலை கேட்பார்கள், அன்றைக்கே முன்பணமும் கைமாறிவிடும். நில உரிமைப் பத்திரமான கிராண்டைக் காட்டுங்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். பினாங்கு ஜார்ஜ்டவுன் வக்கீல் அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருந்து, வீடு வாங்கல் விற்றல் பத்திரங்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவன் நான். யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதுதான் வீடு. எத்தனை தலைமுறை குடியிருந்தோம் என்று நில அலுவலகம் கேட்காது.

நம்மவர்கள் இதைப் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட இடம் குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா. ‘ஹை சப்பரால்’ என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாடும் கன்றும் தொழுவமுமாக, தீவில் ஒரு தமிழ்க் கிராமம். பொங்கல் வந்தால் அந்தக் கிராமம் களைகட்டும். அந்த நிலம் ஒரு காலத்தில் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி குடும்பத்துடையது. எங்கள் முன்னோர் அவர்களிடம் உழைத்தவர்கள், நிலத்தை எங்களுக்காகவே விட்டுச் சென்றார்கள் என்பது குடியிருந்தவர்களின் வாதம். ஆனால் கிராண்ட் அவர்கள் பெயருக்கு வரவே இல்லை. நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. மக்களிடம் மிஞ்சியது டி.ஓ.எல். என்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமம்தான். மாநில அரசாங்கம் அந்த நிலத்தை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்றது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் நிற்கவில்லை. 2009-இல் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. இழப்பீடாக இரண்டு மாடி வரிசை வீடு தருகிறோம் என்றார்கள். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் கடைசி வரைக்கும் மறுத்து நின்றார்கள்.

யார் கைவிட்டார்கள், எந்தக் கட்சி துரோகம் செய்தது என்று இன்றும் மேடையில் பேசுவார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் வீடு வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்தக் கோபத்தை விட டி.ஓ.எல். பற்றிய அறிவுதான் உதவும். 1965 ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் மிகத் தெளிவாகச் சொல்கிறது: அந்த உரிமம் அந்தந்த ஆண்டு முடிவோடு காலாவதியாகும். இன்னொருவருக்கு மாற்றித்தர முடியாது. உரிமம் வைத்திருப்பவர் கண்ணை மூடினால் உரிமமும் அன்றோடு சரி. அப்பா கட்டினார், தாத்தா கட்டினார் என்று கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பதால் நிலம் நமதாகிவிடாது. இன்றும் யாராவது உங்களிடம் வந்து, “டி.ஓ.எல். நிலத்துல வீடு இருக்கு, மலிவா தர்றேன், சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதிக்கலாம்” என்று சொன்னால், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கடிதத்தை எந்த வங்கியும் ஏற்காது.

நகரத்துக்குள் இருந்தவர்களின் கதை வேறு. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றக் கூடாது என்று 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. நாட்டிலேயே இந்தச் சட்டத்தின் நிழலில் அதிக வீடுகள் இருந்தது பினாங்கில்தான். மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பக்கம் கடைக்கு மேல் மாடியில் சொற்ப வாடகைக்கு இருந்துகொண்டே பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிய குடும்பங்கள் ஏராளம். 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். கொடுத்த அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கத்து அடுக்குமாடிகளுக்கும், கடல் தாண்டிப் பிறை, பட்டர்வொர்த்துக்கும் குடும்பங்கள் பிரிந்து போயின. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு அதே மாடிகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. கூலி வேலைக்காரர்கள் கையில் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கையில் நாலு காசு இருந்தும், வாடகைதான் மலிவாக இருக்கிறதே என்று சும்மா இருந்தவர்களும் உண்டு. அப்பா அம்மா வீட்டில் வாடகையே இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மிச்சப்படுகிற அந்தப் பணம் உங்கள் முன்பணமாக வளர வேண்டும்.

சரி, கிராண்டில் என்ன பார்ப்பது? கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி ‘சாரியான்’ எடுத்தால் அதன் பதிவு நகல் கிடைக்கும். விற்பவர் கொடுக்கிற பழைய போட்டோஸ்டாட்டை நம்பாதீர்கள், அன்றைய தேதியிட்ட நகல்தான் செல்லும். முதல் பக்கத்தில் லோட் எண், பரப்பளவு, நிலத்தின் வகை. நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்பது அங்கேயே தெரியும். குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது என்று விரல் வைத்து எண்ணுங்கள். மிச்ச ஆண்டுகள் குறையக் குறைய வங்கி தயங்கும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் தயங்குவார். அதன் கீழே ‘சியாராட் ஞாத்தா’ என்று ஒரு பத்தி. இந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது அதில் இருக்கும். விவசாயம் என்று எழுதியிருக்கிற நிலத்தில் பங்களா நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்தது ‘செக்காத்தான் கெப்பெந்திஙான்’. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது என்ற தடைகள் எல்லாம் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகும், அதை ஒப்பந்தத் தேதிகளில் கணக்கு வைக்க வேண்டும். கூலிம் பக்கம் விலை குறைவு என்று போகிறவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள். அது கெடா மாநிலம், அங்கே நம்மவர்கள் வாங்க முடியாத மலாய் ஒதுக்கீட்டு நிலம் உண்டு. அப்படி எழுதியிருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பின்பக்கத்துப் பதிவுகளில்தான் உரிமையாளர் பெயர். அடையாள அட்டை எண்ணோடு ஒத்துப்பாருங்கள். பெயர் சரி, எண் வேறு என்றால் நில்லுங்கள். ‘காடாயான்’ என்று இருந்தால் வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறது என்று பொருள். அதில் தவறில்லை, உங்கள் பணத்திலிருந்தே அது அடைபடும். ஆனால் கடன் நிலுவை விலையை விட அதிகமா என்று வங்கிக் கடிதத்தைப் பார்க்க வேண்டும். ‘கவேட்’ இருந்தால் வேறு யாரோ அந்த வீட்டின் மேல் உரிமை கோருகிறார்கள். அது நீங்கும் வரை ஒரு காசு கொடுக்காதீர்கள். நீங்கள் ஒப்பந்தம் போட்ட பிறகு உங்கள் வக்கீலும் உங்களுக்காக ஒரு கவேட் போடுவார். அது ஆறு ஆண்டு நிற்கும்.

பெயர் சரியாக இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் அவர்தானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தஞ்சோங் பூங்கா நிலம் ஒன்று அதற்கு நாடறிந்த சாட்சி. பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்து அம்மாவுக்குச் சொந்தமான நிலத்தை, அவர் பெயரில் நடித்த இன்னொருத்தி 1989-இல் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். வழக்கு படிப்படியாக ஏறி, 2000-இல் கூட்டரசு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. கையெழுத்தே போடாத உரிமையாளர் நிலத்தை இழந்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்ல 2010 ஆயிற்று. இன்றைய நிலையில் போலி ஆளிடம் நேரடியாக வாங்கியவருக்கு உரிமை நிலைக்காது. பாதிக்கப்படுவது நீங்களாகவும் இருக்கலாம். அதனால் விற்பவரை அந்த வீட்டிலேயே போய்ச் சந்தியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். சுக்காய் தானா (நில வரி), சுக்காய் பிந்து (மதிப்பீட்டு வரி) ரசீதுகள் யார் பெயரில் வருகின்றன என்று கேளுங்கள். சொந்தமாக நிலம் வைத்திருப்பவர்களும், குறிப்பாகக் காலி நிலம் வைத்திருப்பவர்கள், அவ்வப்போது ஒரு சாரியான் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 400,000 வெள்ளி வீடு என்றால் வங்கி 90 விழுக்காடு தந்தாலும் 40,000 வெள்ளி கையில் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, மிச்ச மூன்று லட்சத்துக்கு 2 விழுக்காடு, ஆக 7,000. கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு, அது 1,800. வக்கீல் கட்டணம் தனி. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முத்திரை வரிச் சலுகையை அரசாங்கம் அவ்வப்போது நீட்டித்து வருகிறது, கையெழுத்துப் போடும் மாதத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை வீட்டுக்கென்று எடுக்கலாம், ஆனால் அது கைக்கு வர நாளாகும். முன்பணத்தைத் தரகரின் சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள். பதிவு பெற்றவரா என்று அவருடைய எண்ணைக் கேளுங்கள், பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போகட்டும். ரசீதில் “கடன் கிடைக்காவிட்டால் பணம் முழுதும் திருப்பித் தரப்படும்” என்ற ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் முன்பணத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் என் மேசை முன் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

அடுக்குமாடி வாங்குபவர்கள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கிற அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் இன்னும் சில ஆண்டில் மின்தூக்கி நின்றுவிடும், தண்ணீர்த் தொட்டி ஒழுகும், சரிசெய்யப் பணம் இருக்காது. சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று நிர்வாகத்திடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த வீட்டுக்கென்று தனியாக ஸ்ட்ராட்டா கிராண்ட் வந்துவிட்டதா என்பதையும் கேளுங்கள்.

கிராண்டில் எழுதாத ஒன்றும் உண்டு, அது தண்ணீர். 2017 நவம்பரில் தீவும் பெருநிலமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஜாலான் பி. ரம்லி மாதிரி மழை வந்தாலே முழங்கால் தண்ணீர் நிற்கிற இடங்கள் நமக்குத் தெரியும், வெளியூர்த் தரகர் அதைச் சொல்ல மாட்டார். நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் புதுச் சாயம் மட்டும் ஒரு பட்டையாக அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி என் மனத்தை அதிகம் உறுத்துகிற விஷயம். ஜெலுத்தோங் பக்கத்தில் ஒரு வீடு, நல்ல இடம், வாங்க ஆளும் தயார். கிராண்டில் இருந்த பெயர் தாத்தாவுடையது. அவர் போய்ப் பல ஆண்டு ஆகிவிட்டது. அவருடைய பிள்ளைகளிலும் இருவர் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளில் ஒருத்தி ஆஸ்திரேலியாவில், ஒருவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. வீட்டிலேயே இருந்து தாயைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட கடைசி மகன், “நான்தானே அண்ணே எல்லாம் பார்த்தேன்” என்று என்னிடம் கேட்டார். பார்த்தார்தான், அதை ஊரே சொல்லும். ஆனால் உயில் இல்லையே. உயில் இல்லாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958 ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படிதான் பிரியும். அதில் பார்த்துக்கொண்டவர், பார்க்காதவர் என்ற பேதமில்லை, கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே பங்கு. வாங்க வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

இதற்கு ஒரு வக்கீல் படையே தேவையில்லை. நிலம் உள்ள சிறு சொத்துகளை நில அலுவலகமே விசாரித்துப் பங்கிட்டுத் தர 1955-இலிருந்தே சட்டம் இருக்கிறது. அப்பா அம்மா இறந்து கருமாதி முடிந்த சில மாதத்திலேயே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். எல்லாரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கிற காலம் அதுதான். உங்கள் பெயரில் வீடு வந்த ஆண்டே ஓர் உயில் எழுதுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கிராண்ட் இருப்பது நல்லது. கடனில் அண்ணன் தம்பி பெயரைச் சேர்த்துக்கொள்வதை நான் தடுப்பேன். நாளைக்கு அவன் தன் வீட்டுக்குக் கடன் கேட்கும்போது உங்கள் கடன் அவன் கணக்கில் நிற்கும்.

விற்கும் நாளும் வரும். மலேசியக் குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. குடியிருந்த வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்குக் கேட்கலாம், அதைச் சிறிய லாபத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்குள் விற்பவரின் விலையில் 3 விழுக்காட்டை வாங்குபவரின் வக்கீல் பிடித்து வரி வாரியத்தில் கட்டிவிடுவார், அந்தப் பணத்தை நம்பி அடுத்த வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டை நீட்டிக் கட்டியது, வக்கீல் கட்டணம், தரகு இவையெல்லாம் லாபத்தில் கழியும், ரசீது இருந்தால். இயந்திரத்தில் அச்சடித்த ரசீதுகள் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டு ஆண்டில் வெளுத்துவிடும், கட்டுமானக்காரர் காசு வாங்கிய அன்றே நகல் எடுத்து, ஒப்பந்தத்தோடும் சாரியான் நகலோடும் ஒரே கோப்பில் வையுங்கள்.