கொங்கணக் கரை கண்டோம்

மும்பையில் வாழும் தமிழர்க்குக் கடல் புதிய காட்சியன்று. தாராவியிலிருந்து மாகிம் கடல் நடைத் தொலைவு. மாட்டுங்காவினர்க்குத் தாதர்க் கடற்கரை மாலை உலாவுமிடம். ஆயினும், நகரத்திற்குத் தெற்கே கடலையொட்டி நீண்டு கிடக்கும் கொங்கண நாட்டைக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே. விடுமுறை என்றதும் நமக்குத் திருநெல்வேலி வண்டிதான் நினைவிற்கு வரும். கிடைக்கும் விடுப்பெல்லாம் கோயில் கொடைக்கும் திருமணத்திற்கும் துட்டிக்குமே சரியாகிவிடுகிறது. செம்பூரில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்த பின்னர், சென்ற தைத் திங்களில்தான் நாங்கள் குடும்பத்தோடு இரத்தினகிரிக்குப் புறப்பட்டோம்.

விடியுமுன் தாதரில் வண்டியேறினோம். பன்வெலைக் கடந்து ரோஹாவை எய்தினால் கொங்கண் இரயில்வே தொடங்குகிறது. அங்கிருந்து மங்களூரை அடுத்த தோக்கூர் வரை 741 கிலோமீட்டர். மலையைக் குடைந்தும் ஆறுகளைத் தாண்டியும் செல்லும் இப்பாதை, 1998ஆம் ஆண்டு சனவரியில் முழுமையாகத் திறக்கப்பட்டது. இரத்தினகிரிக்குச் சற்று முன்னர்க் கர்புடே என்னும் குகைவழி வருகிறது. அதன் நீளம் ஆறரைக் கிலோமீட்டர். இருள் சூழ்ந்ததும் எண்ணத் தொடங்கிய எங்கள் சிறுவர்கள், எண்ணி எண்ணிச் சலித்துப் பாதியிலேயே விட்டுவிட்டனர்.

நம் முன்னோர் குறிஞ்சி வேறு, நெய்தல் வேறு என்று வகுத்தனர். இங்கோ மலை தன் காலைக் கடலில் நனைத்துக் கொண்டு அமர்ந்திருக்கிறது. மண் செம்மண், வீட்டுச் சுவர் செம்பூராங்கல், மேலே சாய்ந்த ஓட்டுக் கூரை. அந்தச் செந்நிறம் உடன்குடித் தேரிக்காட்டை நினைவூட்டியது. எங்கள் கண்கள் பனையைத் தேடின. கிடைத்தவை தென்னையும் கமுகும். சரிவெங்கும் மாமரங்கள் பூத்து நின்றன. மும்பையில் நாம் விலை கேட்டுத் திகைக்கும் ஆப்பூஸ் மாம்பழம் பிறக்கும் இடம் இதுவே. அதற்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இரத்தினகிரிக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் கணபதிபுளே என்னும் தலம் உள்ளது. கடல் அலை தொட்டுவிடும் தொலைவில் கணபதி கோயில் கொண்டுள்ளார். பின்னேயுள்ள குன்றையே அவர் வடிவமாகக் கொண்டு, அடியார்கள் குன்றைச் சுற்றி வலம் வருகின்றனர். சந்நிதி மேற்குக் கடலை நோக்கியது. “திருச்செந்தூரில் தம்பி கிழக்குக் கடலைப் பார்த்து நிற்கிறார், இங்கே அண்ணன் மேற்குக் கடலைப் பார்த்து இருக்கிறார். நாட்டின் இரு வாசலிலும் பிள்ளைகள் காவல்!” என்று எங்கள் வீட்டுப் பாட்டி கூறினார். அதன்பின் அவருக்கு அவ்வூர் அயலூராகத் தோன்றவில்லை.

இரத்தினகிரி நகரில் எங்கள் உள்ளத்தை உருக்கியது தீபா மன்னரின் அரண்மனை. பர்மாவின் இறுதி அரசரான அவரை, 1885இல் ஆங்கிலேயர் முடி பறித்து நாடு கடத்தினர். முதலில் சென்னையில் சில மாதங்கள் வைத்திருந்து, 1886இல் இங்கே கொணர்ந்தனர். 1910இல் கட்டி முடிந்த இம்மாளிகையில் அவர் வாழ்ந்தது ஆறே ஆண்டுகள். 1916இல் இங்கேயே இறந்தார்; கல்லறையும் இவ்வூரிலேயே உள்ளது. அரசி மட்டும் 1919இல் பர்மா திரும்பினார். பர்மாவில் பொருளீட்டி, பின்னர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் கதை நமக்குப் புதிதன்று. அந்நாட்டு மன்னரோ தம் ஊருக்குத் திரும்பும் வழியே அடைபட்டு, முப்பது ஆண்டுகள் அயற்கடலைப் பார்த்திருந்தார். மாடத்தில் நின்றபோது எங்களுள் எவரும் பேசவில்லை.

ஆயினும், இப்பயணத்தில் எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது அரண்மனையன்று, ஒரு சிற்றூர். கணபதிபுளேயிலிருந்து திரும்பும் வழியில் குடிநீருக்காக ஓரிடத்தில் இறங்கினோம். நல்ல கல் வீடுகள். முற்றத்தில் துளசி மாடம். ஆனால் வீட்டுக்கு வீடு பூட்டு! எதிர்த் திண்ணையில் எண்பது வயதை எட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். “காகா, ஊரில் எவரும் இல்லையா?” என்று மராத்தியில் கேட்டோம். அவர் எங்களை அமர்த்தி, கோகம் கலந்த நீர் தந்து, உள்ளே சென்று ஒரு சாவிக்கொத்தை எடுத்து வந்தார்.

“இது டோம்பிவிலிக்காரன் வீடு; இது விராரில் இருப்பவனுடையது; இது காஞ்சூர்மார்க்” என்று ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக் காட்டினார். கணபதி விழாவிற்கும் பங்குனித் திங்களில் வரும் சிம்காவிற்கும் மட்டுமே கதவுகள் திறக்குமாம். சிம்காவின்போது ஊர்த்தெய்வம் பல்லக்கிலேறி வீடு வீடாக வரும். அன்று வீடு பூட்டிக் கிடக்கலாகாது என்பதற்காகவே மக்கள் ஓடி வருவார்களாம். பங்குனி உத்திரத்திற்குச் சாத்தா கோயிலைத் தேடி ஓடும் நம் மக்களை எண்ணிக் கொண்டோம்.

மும்பையில் வேலை செய்பவரை இவ்வூரார் ‘சாக்கர்மானி’ என்கின்றனர். பெரியவரும் ஒரு காலத்தில் சாக்கர்மானியே. கப்பலேறிப் பம்பாய் சென்றவர். பரேலில் ஓர் ஆலையில் தறி ஓட்டியவர். 1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் வேலை இழந்து ஊர் திரும்பியவர். தலைமுறை தலைமுறையாக இந்நாடு மும்பை ஆலைகளுக்கு ஆளை அனுப்பியது. ஆலைகள் மணியார்டரை அனுப்பின. இரயில் வந்தபின் ஊர் அரை நாள் தொலைவிற்குச் சுருங்கியது. பூட்டுகள் மட்டும் குறையவில்லை.

“உனக்கு எந்த ஊர்?” என்று அவர் எங்கள் சிறுவனைக் கேட்டார். “செம்பூர்” என்றான். “அது இருக்கும் இடம். ஊர் எது?” சிறுவன் எங்கள் முகத்தைப் பார்த்தான். பெரியவர் சிரித்து, “என் பேரனும் டோம்பிவிலி என்றுதான் சொல்கிறான்” என்றார்.

1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னாட்டார்க்கு எதிராக முழக்கங்கள் எழுந்த நாட்களை நம் மூத்தோர் மறந்திலர். அன்று எதிரெதிர் நின்ற இரு வீட்டாரும் வயிற்றுக்காகத் தத்தம் ஊரைப் பூட்டிவிட்டு வந்தவர்களே. இவர் சாவி கொங்கணத்தில். நம் சாவி தாமிரவருணிக் கரையில். இதனை முன்பே அறிந்திருந்தால் அண்டை வீட்டாரிடம் இரண்டு சொல் கூடுதலாகப் பேசியிருப்பர் போலும், இரு திறத்தாரும்.

கொத்தில் துருப்பிடித்த ஒரு சாவி தனியே தொங்கியது. அது யாருடையது என்று கேட்டோம். “அவர்கள் மூன்று ஆண்டுகளாக வரவில்லை. ஓடு நழுவியது, மழை உள்ளே இறங்கியது, சென்ற ஆவணியில் சுவர் விழுந்துவிட்டது. வந்து கேட்டால் கொடுக்கச் சாவியாவது இருக்கட்டுமே” என்றார்.

எங்கள் தந்தையார் கட்டிய வீட்டின் சாவி ஊரில் அத்தையிடம் இருக்கிறது. ஓடு மாற்ற வேண்டும் என்று அவர் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் ‘பார்ப்போம்’ என்று சொல்லி வந்தோம். செம்பூர் திரும்பிய மறுநாளே பணம் அனுப்பினோம். பங்குனி உத்திரத்திற்குச் சென்று புதிய கூரையின் கீழ் மூன்று நாள் தங்கினோம். சிறுவனுக்கு இப்போது ஊர்ப் பெயர் தெரியும்.

அன்பர்களும் ஒருமுறை கொங்கணக் கரைக்குச் சென்று வருவார்களாக. மழை ஓய்ந்த ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். அண்டை வீட்டு மராத்தியரிடம் அவர் ஊரைக் கேட்டறிந்து புறப்படுவது இன்னும் நலம்.