படம் ஓடிய இடத்தில் பாட்டு!

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி, ஸ்மித் தெரு. 1918-ல் கட்டப்பட்ட சினிமா தியேட்டர் ஒன்று, 2002 முதல் தேவாலயமாக இருக்கிறது. பெயர், புரூக்ளின் டேபர்நாக்கிள். திரை இருந்த பக்கம் இப்போது சுமார் 300 பேர் நின்று காஸ்பல் பாடுகிறார்கள்.

1970-களில் தொடங்கியபோது 9 பேர்தான். குழுவை உருவாக்கிய கரோல் சிம்பலா, போதகரின் மனைவி. அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கவே தெரியாது! காதில் கேட்டே மெட்டமைத்து, குரல் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். பாடியவர்களிலும் பலர் முறையாக இசை படிக்காதவர்கள். போதையிலிருந்து மீண்டவர்களும் உண்டு. அந்தக் குழுவுக்குத்தான் 6 கிராமி விருதுகள். 2013-ல் ஒபாமா இரண்டாவது முறை பதவியேற்றபோது, வாஷிங்டன் குளிரில் நின்று பாடியதும் இவர்களே.

ஞாயிறு ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. ஜே ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கினால், நடக்கிற தூரம்தான்.