அங்க அடையாளங்கள்

பள்ளி மாற்றுச் சான்றிதழில் (டி.சி.) எனக்குப் பிடித்த இடம், அங்க அடையாளங்கள் கேட்கும் வரி. மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, இனம், படித்த வகுப்பு என்று மற்ற வரிகளையெல்லாம் வேறொரு பதிவேட்டைப் பார்த்து எழுதிவிடலாம். இந்த ஒரு வரிக்குப் பிள்ளையையே பார்த்தாக வேண்டும்.

கல்வராயன் மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், கோடை விடுமுறை முடியும் தறுவாயில் டி.சி. எழுதும் வேலை என் மேசைக்கு வரும். பிள்ளைகளை ஒவ்வொருவராக ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிடுவேன். மச்சம் எங்கே என்று கேட்டால் சிலர் சட்டென்று காட்டுவார்கள். சிலருக்கு அதுவரை தெரிந்தே இருக்காது. பக்கத்தில் நிற்கும் தோழிதான், "அவளுக்குப் பிடரியில ஒண்ணு இருக்குது சார்" என்று எடுத்துக் கொடுப்பாள். மச்சமே இல்லை என்று கண்கலங்கிய பையன்களும் உண்டு, டி.சி. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில். மலைப் பிள்ளைகளுக்கு மச்சத்தைவிடத் தழும்புதான் அதிகம். விறகு பொறுக்கப் போய் விழுந்தது, கடுக்காய் மரத்தில் ஏறிச் சிராய்த்தது, மரவள்ளிக் குச்சி நறுக்கும்போது கொடுவாள் பட்டது. எந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சொல்லாமல் நகர மாட்டார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, 'இடது முன்கையில் ஒரு தழும்பு' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியாக எழுதுவேன். வகுப்பு முழுவதற்கும் 'வலது கையில் ஒரு மச்சம்' என்று பார்க்காமலே எழுதிக்கொண்டு போகிற பள்ளிகளும் உண்டு. ஒரு பிள்ளையை ஒரு நிமிடமாவது நின்று பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம் அது. அதை விடுவதற்கு எனக்கு மனம் வந்ததில்லை.

அப்படி நான் எழுதிய டி.சி. ஒன்றைச் சில வருடங்கள் கழித்து மறுபடியும் பார்க்க நேர்ந்தது. வெள்ளிமலையிலிருந்தும் உள்ளே தள்ளி இருக்கிற சிற்றூர்ப் பெண். செவிலியர் படிப்பு முடித்துச் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை நேர்காணல் வைத்து அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. விசாவுக்கு வேண்டியதைத் தயார்செய்ய ஊருக்கு வந்தவள், ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையோடு கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தாள். "பேப்பரெல்லாம் இருக்குது சார். ஒண்ணோட ஒண்ணுதான் சேர மாட்டேங்குது" என்றாள்.

கூடத்துத் தரையில் பரப்பிப் பார்த்தோம். மருத்துவமனை தரும் ஸ்பான்ஸர்ஷிப் சான்று, கடவுச்சீட்டு, காசநோய் இல்லை என்பதற்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையின் சான்று, மருத்துவத் துறை வேலை என்பதால் காவல்துறை நற்சான்று, ஆங்கிலத் தேர்ச்சி, படிப்புச் சான்றுகள். காசநோய்ச் சான்று 6 மாதம் செல்லும். ஸ்பான்ஸர்ஷிப் சான்று வந்தால் 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஒன்று பழுப்பதற்குள் இன்னொன்று அழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் அச்சாணியான அந்த ஸ்பான்ஸர்ஷிப் சான்று காகிதமே இல்லை. வேலை கொடுப்பவர் அவர்கள் நாட்டு உள்துறையின் கணினியில் விவரங்களைப் பதிகிறார், ஓர் எண் வருகிறது, அவ்வளவுதான். கையிருப்பு காட்ட 1,270 பவுண்டு 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. மலையில் எந்த வீட்டில் அவ்வளவு பணம் 28 நாள் சும்மா கிடக்கும்? முதலாளியே அதற்குப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். அவள் மருத்துவமனை பொறுப்பேற்றுக்கொண்டது.

சேராதது வேறு. அப்பா பெயரின் கடைசியில் வரும் சாமிக்கு ஆங்கிலத்தில் ஒரு சான்றில் 'ஒய்', இன்னொன்றில் 'ஐ', மூன்றாவதில் நடுவே ஒரு 'டபிள்யூ'. நமக்கு இனிஷியல் போதும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆகவே அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த எழுத்து மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்து அல்ல. கள்ளக்குறிச்சிக்கு ஒரு 'கே' போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் அலுவலகத்துக்கு ஒரு வழக்கம். மலையின் பெயரே அரசு ஆங்கிலத்தில் ஒரு முத்திரையில் கல்ராயன், இன்னொன்றில் கல்வராயன். 2020 ஜூனில் தமிழ்நாட்டு ஊர்களில் 1,018 பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஓர் ஆணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அது நிலைத்திருந்தால் எத்தனை உறைகள் இப்படித் தரையில் பரவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் அசையவில்லை, மாவட்டம்தான் அசைந்தது. அவள் அப்பாவின் சாதிச் சான்றில் தென் ஆற்காடு மாவட்டம். 1993இல் அதைப் பிரித்தபோது பிறந்த அண்ணனுடைய சான்றில் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர் பெயர்களை எடுத்துவிட்டார்கள். அவளுடைய பள்ளிச் சான்றுகளில் வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். ஆதாரில் அதுதான் இருக்கிறது. ஒரே கூரை, ஒரே வாசல், நான்கு மாவட்டங்கள். கடவுச்சீட்டில் என்ன இருக்கிறதோ அதையே விண்ணப்பத்திலும் எழுது, மாறியதற்கு விளக்கம் கேட்டால் அரசு அறிவிப்பைக் காட்டு என்றேன். அப்பா பெயருக்கு நோட்டரியிடம் போய் 'இருவரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினோம்.

பிறந்த தேதிக்கு வந்தோம். அவள் வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதியவில்லை. அம்மாவைக் கேட்டால் சாமை அறுப்பு நேரம் என்கிறார். சான்றிதழில் இருப்பது மே மாதம். அப்போதெல்லாம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஜூனில் 5 வயது முடிந்திருக்கும்படி தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். தமிழ்நாட்டில் அப்படி மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்தத் தேதிதான் அவளைப் பத்தாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் கூட்டிப்போனது. 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதியைத் தளர்த்தி, பிறப்புச் சான்றுக்குப் பதில் பள்ளி டி.சி.யும் போதும் என்றார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நான் எழுதிய தாளை வைத்தே அவள் கடவுச்சீட்டு வாங்கினாள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. பிறப்புச் சான்று ஒன்றுதான்.

உறையில் மிகப் பத்திரமாக, தனியாகக் கண்ணாடித் தாளில் சுற்றி வைத்திருந்தது அவளுடைய சாதிச் சான்று. மலையில் ஒரு குடும்பம் அதிகம் அலைந்து வாங்குகிற காகிதம் அது. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மலையாளி என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்க அப்பா சான்று, சித்தப்பா சான்று, விசாரணை, மறுபடி விசாரணை. கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் கீழே இறங்கி, அதிகாரி முகாம் போயிருக்கிறார் என்று கேட்டுவிட்டுத் திரும்ப ஏறியவர்கள் எத்தனை பேர். 1976இல் திருத்திய பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று போட்டிருக்கிறது. வரைபடத்தில் இல்லாமல் போன தென் ஆற்காடு அந்தப் பட்டியலில் உயிரோடு இருக்கிறது. அதே 1976இல்தான் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்தது. சுதந்திரம் வந்து 29 வருடம் வரைக்கும் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஜாகிர்கள் என்றே மலை பிரிந்து கிடந்தது. சமவெளியில் பட்டா, சிட்டா, பிறப்பு இறப்புப் பதிவு என்று மூன்று நான்கு தலைமுறைக் காகிதம் சேர்ந்த பிறகு, மலைக்காரர்களை முதல் காகிதம் கொண்டுவரச் சொன்னோம். அதை மறந்துவிட்டு ஏன் ஆவணம் இல்லை என்று அவர்களை அதட்டுவது அநியாயம். அவளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் வாங்கித் தந்தது அந்தச் சாதிச் சான்று. விசாவுக்கு அதைக் கேட்கவே இல்லை. எடுத்து ஓரமாக வைத்தபோது அவளுக்கு மனசே இல்லை. "இதுக்குத்தான் சார் அப்பா ரொம்ப நடந்தாரு" என்றாள்.

வெளிநாடு போகிறவர்களிடம் சாதி கேட்ட காலமும் இருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பதிவுகள் பல நாடுகளில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் என்று வந்து, அங்க அடையாளங்களும் இருக்கும். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வரி வேறு மாதிரித் தெரிகிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் மட்டும் 1,52,184 பேர். ஊர் விவரத்தில் தென் ஆற்காடு திரும்பத் திரும்ப வரும். நம் கள்ளக்குறிச்சித் தாலுகா அன்று அதற்குள்தான் இருந்தது. அவர்களையும் ஒரு முதலாளிதான் வரவழைத்தார், அவர்களுக்கும் ஒப்பந்தம் இருந்தது. நெற்றித் தழும்பையும் கன்னத்து மச்சத்தையும் ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். வேலை பார்த்த தோட்டத்தை விட்டுப் போவது அன்று சட்டப்படி குற்றம். போனவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவர அந்தத் தழும்பு உதவும். இன்று தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதே பதிவை வைத்துத்தான் தங்கள் ஊரைத் தேடுகிறார்கள். தாத்தாவுக்குப் புகைப்படம் கிடையாது. அவர் முகத்தைப் பற்றி மிஞ்சியிருப்பது அந்த ஒற்றை வரி.

மச்சத்தின் இடத்துக்குக் கைரேகை வந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரக்கு தருவதாக ஒப்பந்தம் செய்த கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் ஒற்றி எடுத்தார். ஒப்பந்தத்தை மீறாமலிருக்கத்தான். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்களிடம் பத்து விரல் ரேகை கேட்ட சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி உறுதி எடுத்தார்கள்; 1908 ஆகஸ்டில் பதிவுச் சான்றுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். சென்னை விசா மையத்தில் அவள் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளமும் வேலை நேரமும் எழுத்தில் தெரிந்து, தன் விருப்பத்தில் போகிறவள் அவள். ஆனால் முதலாளி ஸ்பான்ஸர்ஷிப்பை விலக்கினால் வழக்கமாக 60 நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு போ என்று அவளிடம் சொன்னேன். அந்த ஸ்பான்ஸர்ஷிப் எண்ணை லட்சக்கணக்கில் விலை பேசும் தரகர்கள் நம் ஊர்களிலும் நுழைந்திருக்கிறார்கள். அதற்கான கட்டணம் முதலாளியைச் சேர்ந்தது. நம்மிடம் கேட்டாலே ஏமாற்று என்று வைத்துக்கொள்ளலாம். 1978 முதல் தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கு ஒரு நிறுவனம் நடத்துகிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

அவள் அம்மா விரலை ரேஷன் கடை இயந்திரம் பல மாதம் ஏற்பதில்லை. களை பறித்தும் கிழங்கு பிடுங்கியும் ரேகை தேய்ந்துவிட்டது. மகளின் பத்து விரலும் ஒரே தடவையில் பதிந்துவிட்டதைக் கேட்டு அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

விசா வந்தது, போய்ச் சேர்ந்துவிட்டாள். உறையைத் திரும்பக் கட்டும்போது நான் கவனித்தது ஒன்றுதான். கடவுச்சீட்டும் கல்லூரிச் சான்றும் செவிலியர் பதிவும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. பின்னோக்கிப் போனால் எல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் போய் நிற்கின்றன. அதற்கு மூலம், தேர்வுக்குச் சில மாதம் முன்பு பள்ளியில் தயாரிக்கும் பெயர்ப் பட்டியல். சரிபார்க்க அந்தத் தாளைப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் பெஞ்சில் வைத்து ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு திருத்துவதென்றால் மனு, தலைமையாசிரியர் கடிதம், தேர்வுத் துறை என்று நீண்ட வழி.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தத் தாளை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பெற்றோர்களே, பிள்ளை பெயர், அப்பா பெயர், இனிஷியல், பிறந்த தேதி நான்கையும் ஆதாரோடும் பிறப்புச் சான்றோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.