கல்லீரலுக்கு ஒன்றரை ஷிப்ட்

கேச்சியாவ், ஷாவோசிங்
இரவு மணி 2.10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்றால் காரணத்தை நீயே கண்டுபிடித்திருப்பாய். ஊர் மாறினால் தூக்கம் வந்துவிடும் என்று பஸ் ஏற்றிவிடும்போது சொன்னாய். ஊர் மாறி, நாடும் மாறி, தண்ணீரும் மாறிவிட்டது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் முழிப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

வந்த வேலையை ரெண்டு வரியில் முடித்துவிடுகிறேன். பருத்தியை மட்டும் நம்பி இனி வண்டி ஓட்ட முடியாது என்று நம் ஊர் டீக்கடை முழுக்கப் பேச்சுத்தானே? அதனால்தான் பாலியஸ்டர் துணி பார்க்க இந்தச் சந்தைக்கு வந்தேன். ஒவ்வொரு கட்டடமும் ஒரு ஊர். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் கால் வீங்கித்தான் வெளியே வரவேண்டும். நம்மவர்கள் சாப்பிட இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் சாம்பார் என்று ஊற்றியதைச் சாம்பார் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. பணம் கொடுப்பது அதைவிடப் பெரிய கூத்து. நோட்டை நீட்டினால் கடைக்காரன் ஏதோ தொல்பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். எல்லாம் போனில் கோடு ஸ்கேன் செய்வதுதான். நாமும் மல்லித்தழைக்கே ஸ்கேன் செய்கிறவர்கள்தான், ஆனால் என் போன் இங்கே ஊமையாகிவிட்டது. போகிற கடையிலெல்லாம் உட்கார்ந்ததும் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தேயிலை போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். பாதி குடித்தால் மறுபடி நிரப்பிவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டம்ளர் ஆகியிருக்கும்.

மூன்றாவது நாள் ஏஜென்ட் ஆபீசில் சாம்பிள் பார்த்துக்கொண்டே தூங்கி விழுந்தேன். அங்கே இங்கிலீஷ் பேசுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், நம் சின்னவள் வயசு. "அங்கிள், எங்க பாட்டிக்கும் தூக்கம் வராது, ஒரு டாக்டரம்மாவிடம் போவார்கள், வாருங்கள்" என்றாள். சரி என்று போய்விட்டேன்.

நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் உன்னிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வருடமாக நீயும் சாதிக்காய், கசகசா, அமுக்கரா என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாய். அவையெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் பூச்சி பிடித்துப் போயின. அடுத்த தெருவில் இருக்கும் உன்னை நம்பாதவன், பேர் தெரியாத ஒரு கிழவியிடம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே நுழைந்ததும் உன் கடை வாசனை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உன் கடையைப் போலவே ஒரு இழுப்பறைக்குள் மூன்று நான்கு தடுப்பு. டாக்டரம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மேசையில் தலையணைக் குட்டி மாதிரி ஒன்று, அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். மணிக்கட்டில் மூன்று விரல். உங்கள் தாத்தா பார்ப்பாரே, அதே இடம்தான், கணக்குத்தான் வேறு. அவர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பார். இவர்கள் இடது கை மூன்று விரலில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் பார்க்கிறார்கள். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். ஒவ்வொரு கைக்கும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அப்புறம் நாக்கு. நுனி சிவப்பாம், ஓரத்தில் பல் பதிந்திருக்கிறதாம், மேலே மாவு அப்பியிருக்கிறதாம். அதற்குப் பின் கேள்விகள் ஆரம்பித்தன. படுத்ததும் தூக்கம் வராதா, வந்து கலைகிறதா? எத்தனை மணிக்கு? கனவு வருமா, காலையில் நினைவிருக்குமா? உள்ளங்கை, உள்ளங்கால் சுடுமா? தாகம் எடுத்தால் சுடுதண்ணீர் தேடுவீர்களா, பச்சைத் தண்ணீரா? காதில் ரீங்காரம் உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு? ஷிப்மென்ட் நாளில் பத்தரைக்கு மேல் பரோட்டா என்றேன். அந்தப் பெண் அதைச் சீனத்தில் சொல்ல, டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்கள் அம்மா பார்ப்பது மாதிரியே இருந்தது. வயிறு சண்டை போட்டால் படுக்கையும் சண்டை போடும் என்பது இவர்கள் வைத்தியத்தில் பழைய பாடமாம்.

அவர் சொன்ன விளக்கத்தை நம் பாஷையில் சொல்கிறேன். மனசுக்கு வீடு இதயம். பகலில் ஊர் சுற்றுகிற மனசு ராத்திரி அந்த வீட்டுக்குத் திரும்பிப் படுக்கவேண்டும். இதயம் நெருப்பு, சிறுநீரகம் தண்ணீர். நெருப்பு கீழே இறங்க வேண்டும், தண்ணீர் மேலே ஏற வேண்டும். இரண்டும் சந்திக்காவிட்டால் தூக்கம் கிடையாது. பாய்லரில் தண்ணீர் இறங்கிப்போய் அடியில் விறகு எரிந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ரெண்டு மணிக்கு முழிப்பு என்றதும் அந்தம்மா தலையை ஆட்டினார். ஒவ்வொரு உறுப்புக்கும் ரெண்டு மணி நேரம் ஷிப்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பதினொன்று முதல் ஒன்று பித்தப்பை, ஒன்று முதல் மூன்று கல்லீரல், மூன்று முதல் ஐந்து நுரையீரல். உடனே ஒரு சந்தேகம் கேட்டேன். இங்கே ரெண்டு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. என் கல்லீரல் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கும்? மேற்குக் கோடி காஷ்கரிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரே மணியை வைத்திருக்கிறார்களே, அங்கிருப்பவன் கல்லீரல் என்ன செய்யும்? பெண் மொழிபெயர்க்க, அந்தம்மா சிரித்துவிட்டு, படுக்கிற ஊர்க் கணக்குத்தான் என்றார். வக்கீலுக்குப் படிக்க வேண்டியவர்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. கல்லீரல் கோபத்தின் உறுப்பாம். "யார் மேல் கோபம்?"

யார் மேலும் இல்லை என்றேன். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். அதற்கும் இல்லை என்றேன். அந்தச் சின்னப் பெண் முன்னால் பி.பி. மாத்திரையை ஒத்துக்கொள்ள ஒரு வறட்டுக் கௌரவம். இரண்டு பொய்.

ஊசிக்குப் படுக்க வைத்தார்கள். உச்சந்தலையில் ஒன்று, காதுக்குப் பின்னால், மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்க மடிப்பில், கணுக்காலுக்கு மேலே. இரண்டு புருவத்துக்கு நடுவே, நாம் குங்குமம் வைக்கிற இடத்திலேயே ஒன்று. எறும்பு கடித்த அளவுகூட வலியில்லை. அரை மணி நேரம் குறட்டைவிட்டுத் தூங்கியிருக்கிறேன், வெளியில் உட்கார்ந்திருந்த பாட்டிமார் எல்லாம் சிரித்தார்களாம். சாயங்காலம் நாலு மணிக்குக் காசு கொடுத்துத் தூங்கியதில் அன்றைக்கு ராத்திரி சிவராத்திரி ஆகிவிட்டது.

மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் சரக்கு என்ன தெரியுமா? இலந்தைக் கொட்டைப் பருப்பு! ஸ்கூல் வாசலில் வாங்கித் தின்று, கொட்டையை யார் தூரமாகத் துப்புவது என்று நாம் போட்டி போட்டோமே, அதற்குச் சீனத்து ஒன்றுவிட்ட தம்பி. புளிப்பு இலந்தை, முள் ஜாதி. கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை வறுத்துத் தட்டிப் போடுகிறார்கள். சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் ஏறக்குறைய 1800 வருடத்துக்கு முன்னால் ஐந்தே சரக்கில் எழுதிவைத்த கஷாயத்துக்கு இதுதான் தலைவனாம். தூக்கத்தை அவ்வளவு தூரம் துப்பியிருக்கிறோம், மாப்பிள்ளை.

அடுத்தது ஹெஹுவான் மரப்பட்டை. நம் வாகைக்குச் சொந்தம். பொழுது சாய்ந்தால் இலை மூடிக்கொள்ளும், அதனால் மனுஷனையும் மூடவைக்கும் என்று நம்பிக்கை. அந்தக் கணக்குப்படி நம் ஸ்கூல் மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் படித்த நாம் இன்றைக்கும் எழுந்திருக்கக் கூடாது. பைன் மர வேரில் வளரும் காளான் ஒன்று, அதிமதுரம், சிப்பி ஓடு. சிப்பி ஓடு என்றதும் இன்று வெள்ளிக்கிழமையாச்சே என்று ஒரு கணம் பதறினேன், அப்புறம் நீ விற்கிற முத்துச்சிப்பி பற்பம் ஞாபகம் வந்தது. இன்னொன்றுக்கு டிராகன் எலும்பு என்று பெயர். பழங்கால மிருகங்களின் எலும்பு, மண்ணுக்குள் கல்லாகிப் போனது. 1899இல் பெய்ஜிங்கில் ஒரு அதிகாரி தன் மருந்துக்கு வாங்கிய எலும்பில் எழுத்து இருப்பதைப் பார்த்தார் என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, அந்த எலும்பு எழுத்து மூவாயிரம் வருடத்துக்கு முந்தையது. அதற்குமுன் பொடித்துக் கஷாயத்தில் போட்டதில் எத்தனை ராஜா கணக்கு வயிற்றோடு போனதோ!

இதைவிடப் பழைய தூக்க மருந்து ஒன்று 'ஹுவாங்தி நெய்ஜிங்'கில் இருக்கிறதாம். ஏறக்குறைய ரெண்டாயிரம் வருடப் புத்தகம். ஒரு கிழங்கும் ஒரு தானியமும்தான் சரக்கு. ஆனால் தண்ணீர் ஆயிரம் லீ தூரம் ஓடிவந்த ஆற்றுத் தண்ணீராக இருக்கவேண்டும், அதைப் பத்தாயிரம் தடவை ஆற்ற வேண்டும், நாணல் விறகில் காய்ச்ச வேண்டும். குடிக்கப்போகிறவனே பத்தாயிரம் ஆற்று ஆற்றினால் மருந்தே தேவைப்படாது.

இப்போது ஆற்றுவதும் காய்ச்சுவதும் மெஷின். ஏழு நாளைக்குப் பதினாலு பாக்கெட், நம் பால் பாக்கெட் மாதிரி, உள்ளே டிகாக்‌ஷன் நிறம். வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் குடிக்கவேண்டும். முதல் வாய் மழையில் நனைந்த மண், அடுத்தது கசப்பு, அப்புறம் ஒரு புளிப்பு, கடைசியில் அதிமதுரம் வந்து சமாதானம் பேசும்.

அந்தச் சமாதானத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எம்.டி. படிக்கும் மகளிடம் போனில் பெருமையாகச் சீட்டை வாசித்தேன். "அப்பா, பி.பி. மாத்திரை சாப்பிடறதைச் சொன்னீங்களா? அதிமதுரம் பி.பி.யை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும்" என்று பிடித்துக்கொண்டாள். மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். அந்தம்மா திட்டவில்லை. அதிமதுரத்தை அடித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி, புதுச் சீட்டு எழுதினார். பழைய பாக்கெட் எல்லாம் குப்பைக்குப் போயிற்று, மறுபடி பணம். என் பொய்க்கு அபராதம். இப்போது குடிப்பதில் கடைசி இனிப்பும் கிடையாது.

கேட்டதா என்று கேட்பாய். ஐந்து ராத்திரியில் மூன்று நன்றாகத் தூங்கினேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "பரோட்டாவை விட்டீங்க, சாயங்காலத் தேயிலையை விட்டீங்க, பத்தரைக்குப் போனை மூடறீங்க. இதில் எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்கிறாள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே இல்லை, பழக்கத்தையும் நினைப்பையும் திருத்தும் பயிற்சிதான் என்று அமெரிக்க டாக்டர்கள் சங்கம் 2016இலேயே சொல்லிவிட்டதாம். தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போகணும், வராவிட்டால் எழுந்துவிடணும், காலையில் ஒரே நேரத்தில் முழிக்கணும். ஊசிக்கும் கஷாயத்துக்கும் ஆராய்ச்சிகள் உண்டு, ஆனால் பெரும்பாலானவை கறாராகச் செய்தவை அல்ல என்கிறாள். இப்போது படுக்கையை விட்டு எழுந்து உனக்கு எழுதுவதும் அவள் வைத்தியம்தான்.

இந்த ஊரிலேயே அவளுக்கு ஒரு பெரிய கூட்டாளி இருக்கிறார். எழுத்தாளர் லூ சுன் பிறந்த வீடு ஷாவோசிங்கில்தான். போய்ப் பார்த்தேன். அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கச் சின்னப் பையன் வீட்டுச் சாமான்களை அடகுக் கடைக்குத் தூக்கிப் போவானாம். அடகுக் கடை மேசை அவனைப் போல இரண்டு ஆள் உயரம், மருந்துக் கடை மேசை அவன் உயரம். பெயர் பெற்ற வைத்தியர்கள் மருந்தோடு சேர்க்கச் சொன்னது என்ன தெரியுமா? ஒரு ஜோடி சிள்வண்டு, அதுவும் முதல் தாரத்து ஜோடியாக இருக்கவேண்டும். 1896இல் அப்பா போய்விட்டார். பையன் பிறகு ஜப்பானுக்கு இங்கிலீஷ் வைத்தியம் படிக்கப் போய், அதையும் பாதியில் விட்டு எழுத்தாளரானார். சீன வைத்தியர்களை அவர் லேசில் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து ஹாங்சோ போனேன். அங்கே 1874இல் ஆரம்பித்த ஹு சிங் யூ தாங் என்ற மருந்துக் கடை, அரண்மனை மாதிரி. ஏமாற்றாதே என்று பொருள்படும் ஒரு பலகையை வாடிக்கையாளரைப் பார்த்து மாட்டாமல் உள்ளே வேலை செய்கிறவர்களைப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். உன் கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்னைத்தானே பார்க்கிறது? கடையை ஆரம்பித்த ஹு சுவேயான் பட்டு நூலை வாங்கிக் குவித்து விலை சரிந்து 1883இல் திவாலானவர். நூல் விலையில் மாட்டியவன் எத்தனை மணிக்கு முழித்திருப்பான் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

அந்த முதல் பொய்க்கு இன்னும் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். யார் மேல் கோபம் என்று ஊரில் யாரும் என்னைக் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை. நாற்பது வருடமாகத் தெரிந்தவனிடம் என்ன கேட்பது என்று சாதிக்காயை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாய். நானும் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கம்பெனியைப் பிரித்த அன்றைக்குத் தம்பி கதவருகில் நின்று ஒன்று சொன்னான். அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கடிதத்திலும் எழுத மாட்டேன்.

வந்ததும் ஒரு நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம் கடைக்கு வருகிறேன். சாதிக்காயை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று விரலை வை, நாக்கை நீட்டச் சொல், வரிசையாகக் கேள். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

மணி ரெண்டே முக்கால். உனக்கு அங்கே பன்னிரண்டே கால், குறட்டையில் இருப்பாய். விதிப்படி இன்னும் கால் மணியில் கல்லீரல் இறங்கி நுரையீரல் ஏறவேண்டும். ஆனால் நம் ஊர்க்காரன் கல்லீரல் ஆயிற்றே, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் போகும் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக்காரன்