எந்த வேப் வாங்கலாம்?

2025 ஆவணியில் ஒரு இரவு. திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற அறை. விடிந்தால் ஒப்படை குடுக்க வேணும். மடிக்கணினியில் ஒப்படையைத் திறந்து வைத்துவிட்டு, போனில் மூன்று படங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றும் வேப். ஒன்று பேனை மாதிரி, ஒன்று தீப்பெட்டி அளவு, மற்றது சின்ன டோர்ச் லைட் போல. கொழும்பில் இருக்கிற ஒருத்தர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. கீழே விலையும், ஒரு குரல் பதிவும்: "தம்பி, நீங்கள் இப்பதானே தொடங்கியிருக்கிறீங்கள். நடுவில இருக்கிறதை எடுங்கோ."

ஒப்படைக்கு இரண்டு பக்கம்கூட ஒழுங்காக வாசிக்காத நான், இந்த மூன்றில் எது என்று முடிவெடுக்க மூன்று கிழமை வாசித்திருந்தேன். அந்த மூன்று கிழமையைப் பற்றித்தான் இது.

முதலில் எப்படித் தொடங்கியது என்று சொல்லவேணும். 2024 நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து மாமா குடும்பம் வந்தது. மச்சான் என்னைவிட ஒரு வயது மூப்பு. தேர் முடிந்த அன்று பின்னேரம், வீட்டுக்குப் பின்னால் வைத்து, ஹைலைட்டர் பேனை மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினான். "இது சிகரெட் இல்லையடா. மாம்பழ வாசம்தான் வரும்."

நான் சிகரெட் பத்தாதவன். ஏ.எல் சோதனை முடிந்த கையோடு இரண்டு மூன்று தரம் இழுத்து இருமினதோடு சரி. எனக்குச் சுகத்தைப் பற்றிப் பெரிய கவலை ஒன்றும் இருக்கவில்லை, மணம்தான் பயம். அம்மா படலையடியிலேயே பிடித்துவிடுவா. இதில் அந்த மணமும் இல்லை. மச்சான் திரும்பிப் போகும்போது மூன்றை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். மூன்றும் கார்த்திகைக்குள் முடிந்தன. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது.

2025 ஆனி 1ஆம் திகதியிலிருந்து பிரித்தானியாவில் ஒருமுறை பாவித்து எறிகிற வேப்புகளை விற்பது தடை. பற்றரியோடு குப்பையில் சேர்கிறது, சின்னப் பிள்ளைகளும் எடுத்துப் பழகுகிறார்கள் என்பவைதான் அங்கே சொன்ன காரணங்கள். மச்சான் போன் எடுத்தான். "நான் நிரப்பிப் பாவிக்கிற மெசினுக்கு மாறீட்டன். நீயும் மாறு, காசும் மிச்சம்." அப்படித்தான் நானும் நல்ல மெசின் ஒன்று தேடத் தொடங்கினேன்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தேடல் எனக்குப் பிடித்திருந்தது. வேப்புக்குள் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு பற்றரி, ஒரு கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சு ஊறி நிற்க ஒரு திரவம். சுருள் சூடாகத் திரவம் ஆவியாகும். திரவத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனை, நிக்கொட்டின். இதில் எது "நல்ல மெசின்" என்பது பெரும்பாலும் சுருளின் தடையில் வந்து நிற்கிறது. ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதி கலைப்பீடத்துக்கு வந்த பிறகு உதவும் என்று நான் நினைக்கவேயில்லை. 3.7 வோல்ற் பற்றரியில் 1 ஓம் சுருள் போட்டால் ஏறத்தாழ 14 வாற். அதே பற்றரியில் 0.2 ஓம் சுருள் போட்டால் 68 வாற். தடை குறையக் குறையச் சூடு கூடும், புகை கூடும், ஒரு இழுவையில் உள்ளே போகிற அளவும் கூடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லுகிற புத்திமதி ஒன்றுதான்: தடை கூடின சுருள், குறைந்த வாற், சின்ன மெசின். பிறகு பழகப் பழக மேலே போகலாமாம். இந்த "மேலே போகலாம்" என்பதை நான் அப்போது ஒரு விளையாட்டில் அடுத்த கட்டத்துக்குப் போவது மாதிரித்தான் எடுத்தேன்.

நான் கவனிக்காமல் விட்டது ஒரு இலக்கத்தை. மச்சான் தந்த பேனையில் 20 என்று போட்டிருந்தது. ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம் நிக்கொட்டின். பிரித்தானியாவில் சட்டப்படி அதற்கு மேல் போக ஏலாது. திரவமும் 2 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு மெசினில் நிற்கக்கூடாது. ஆக, அந்தப் பேனை முழுவதிலும் 40 மில்லிகிராம். கொழும்பிலிருந்து வந்ததில் 50 என்று போட்டிருந்தது, உள்ளே 12 மில்லிலீற்றர். பெருக்கிப் பார்த்தால் 600 மில்லிகிராம். பதினைந்து மடங்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இது "கனநாள் நிக்கும்" என்பதுதான். நிற்கவில்லை. லண்டன் பேனை ஒன்றை ஒரு மாதம் வைத்திருந்த நான் இதை மூன்று கிழமையில் முடித்தேன்.

அவ்வளவு நிக்கொட்டினையும் தொண்டை எப்படித் தாங்குகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. சாதாரண நிக்கொட்டின் கூடினால் தொண்டை எரியும், இருமி விட்டுவிடுவோம். அதோடு பென்சோயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்து உப்பாக்கினால் காரம் குறைந்துவிடும். 2015இல் அமெரிக்காவில் ஜூல் வந்ததோடு பரவலான வேலை இது. சுருட்டை முதல்தரம் இழுக்கிறவனை இருமல் தடுக்கும். இங்கே அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். நான் சிகரெட்டை இருமிவிட்டு எறிந்தவன், வேப்பை எறியாமல் விட்டதற்குக் காரணம் மாம்பழ வாசம் மட்டும் இல்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, அறையில் இருக்கிற நண்பனின் பெரிய மெசினை வாங்கி, அதில் என்னுடைய 50 திரவத்தை ஊற்றி இழுத்தேன். வாசித்ததில் செய்யக்கூடாது என்று இருந்ததும் அதுதான்: சூடு கூடின மெசினில் நிக்கொட்டின் கூடின திரவம். ஐந்தாறு இழுவைதான். தலை சுற்றினது. பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் புன்னாலைக்கட்டுவனுக்கு, வீட்டுக்குப் போனேன். வெறும் வயிற்றோடு தோட்டத்துப் பக்கம் நின்று என்னுடையதையும் நாலைந்து தரம் இழுத்தேன். கிணற்றடிக்கு வரமுதலே சத்தி. வேர்வை, கை நடுக்கம், முகம் வெளிறிப்போய்க் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன்.

அப்பம்மா வந்து முகத்தைப் பார்த்தா. நெற்றியில் கை வைத்தா. பிறகு சொன்னா:

"புகையிலைக்க நிண்டிட்டு வந்தவன்ர முகம் மாதிரியெல்லோ கிடக்கு."

எனக்கு உள்ளுக்குள் திடுக்கிட்டது. "என்ன அப்பம்மா?" என்றேன்.

"உனக்குத் தெரியாது மோனை. விடியக் காலமை, பனியோட, புகையிலைக்குப் பக்கக் குருத்து முறிக்கப் போறனாங்கள். சட்டையெல்லாம் நனைஞ்சு போகும். பத்து மணிக்கு வீட்டை வந்தா இதே மாதிரித்தான். தலை சுத்தும், சத்தி வரும். பித்தம் எண்டு தேசிக்காய்த் தண்ணி தருவினம். அடுத்த நாள் திரும்பப் போறதுதான்."

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகு தேடிப் பார்த்தேன். புகையிலைத் தோட்டக்காரரின் நோய். உலகத்தில் புகையிலை பயிரிடுகிற இடமெல்லாம் உண்டு. ஈர இலையிலிருக்கிற நிக்கொட்டின் தோலுக்குள்ளால் இரத்தத்தில் கலக்கிறது. ஒரு சுருட்டும் பத்தாத என்னுடைய அப்பம்மா, இருபது வயதில், எனக்கு வந்த அதே நஞ்சில் கிணற்றடியில் சத்தி எடுத்திருக்கிறா. அவ கூலிக்கு நின்று எடுத்தா. நான் மஹாபொலக் காசைக் குடுத்து எடுத்தேன்.

அன்று அவ கனக்கக் கதைத்தா. துலா மிதித்துத் தண்ணி இறைத்தது, இலை வெட்டிப் புகை போட்டது, அப்பப்பா சுருட்டுக் கொட்டிலில் இருந்து சுத்தினது, சுத்துகிறவர்களுக்கு ஒருத்தர் உரக்கப் பேப்பர் வாசிப்பது. இலைக்குக் கோடா போடுவார்களாம். இனிப்பும் வாசமும் சேர்த்துக் காய்ச்சின பாணி. "கோடா சரியில்லையெண்டா சுருட்டு போகாது" என்றா. நான் மாம்பழ வாசத்தை நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எனக்குப் பெரிய ஆளாக நின்று பேச ஏலாது. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிறகு எங்கள் சுருட்டு தென்னிலங்கைக் கிராமம் வரைக்கும் போனது; அங்கே சுருட்டுக்கடை வைத்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் இங்கே கல்வீடு கட்டின. எங்கள் வீட்டின் முன்பக்கமும், அப்பாவின் படிப்பும் சுருட்டுக் காசுதான். 95 இடப்பெயர்வோடு கொட்டில் போனது. அப்பப்பா மட்டும் கடைசி வரைக்கும் பத்தினார். கடைசி இரண்டு வருஷமும் திண்ணையில் ஏறவே மூச்சு வாங்கும். அவரை யாரும் "விடுங்கோ" என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

அறைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அந்த மூன்று படங்களும் வந்த இரவு. இவ்வளவுக்குப் பிறகும் நான் வாங்கத்தான் இருந்தேன். சத்தி வந்ததற்குக்கூட "பிழையான மெசின், அதனால்தான்" என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். சரியான மெசின், சரியான சுருள், 20 திரவம் என்றால் பிரச்சினை இல்லை என்று.

பிறகு அந்தக் கொழும்புக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணை, 20 எண்டு போட்டிருக்கிறதில 20தான் இருக்கு எண்டு எப்பிடித் தெரியும்?" பதில் வர அரை மணித்தியாலம் எடுத்தது. "தம்பி, எல்லாரும் வாங்குகினம், ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

அவரில் பிழை இல்லை. அவருக்கும் தெரியாது. இலங்கையில் புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டைச் செய்வது, இறக்குவது, விற்பது எல்லாம் 2016 வர்த்தமானியோடு தடை. தடை என்றால் அளவு பார்க்க ஒரு ஆள் இல்லை, லேபலைச் சரிபார்க்க ஒரு கூடம் இல்லை, திருப்பிக் குடுக்க ஒரு கடை இல்லை. எந்த மெசின் நல்லது என்று நான் வாசித்ததெல்லாம் கடையும் சட்டமும் இருக்கிற ஊருக்கு எழுதினவை. 2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் பாவித்து நுரையீரல் கெட்டு 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் அல்லது செத்தார்கள், அதில் செத்தவர்கள் 68 பேர் என்று கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் காரணம் கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற். அதில் அதிகம் கடையில் இல்லாமல், தெரிந்தவர்களிடமும் இணையத்திலும் வாங்கினது. என்னுடையதில் அது இருந்திருக்காது. ஆனால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேணும். முப்பது வருஷம் சிகரெட் பத்தின ஒருத்தர் அதை விட வேப்புக்கு மாறினால், அவருக்கு அது குறைந்த கேடு. விட உதவுகிறது என்பதற்கும் நல்ல ஆய்வுகள் உண்டு. பிரித்தானிய சுகாதார சேவையே அப்படித்தான் சொல்லுகிறது. அதே மூச்சில், பத்தாதவர்கள் தொடங்க வேண்டாம் என்றும் சொல்லுகிறது. அப்பப்பாவுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் திண்ணையில் ஏறியிருப்பாரோ என்று நினைத்திருக்கிறேன். ஆனால் நான் எதிலிருந்து மாறப்போகிறேன்? விட எனக்கு ஒரு சிகரெட்கூட இருக்கவில்லை. பதினைந்து மடங்கு ஏறினது மட்டும்தான் நடந்தது. அதற்கு நான் வைத்த பெயர் நல்ல மெசின் தேடுவது.

வாங்கவில்லை. அதை வீரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மூன்று நாளும் நூலகத்தில் அரை மணித்தியாலம் இருக்க ஏலாமல் எழும்பி எழும்பிப் போனேன். அறையில் சும்மா சண்டை பிடித்தேன். இரண்டாம் கிழமை நண்பனிடம் வாங்கி ஒருநாள் இழுத்தேன். ஒப்படையும் பிந்தித்தான் குடுத்தேன். நான் இருபத்தொரு வயதுக்கு மேல். கடைக்காரர் எனக்கு சிகரெட் விற்பதைச் சட்டம் தடுக்காது. ஆனாலும் போகவில்லை, இதுவரைக்கும்.

போன கிழமை பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் முதலாம் வருஷத் தம்பி ஒருத்தன் போனை நீட்டினான். அதே மாதிரி மூன்று படம். நான் இதுகளைப் பற்றி நிறைய வாசித்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணை, இதில எது நல்லது?"

"நீ சிகரெட் பத்துறனியோ?"

"சீ, இல்லை அண்ணை."

"அப்ப எதை விடுறதுக்கு வாங்குறாய்?"

அவன் சிரித்தான். நான் அப்பம்மாவின் கதையைச் சொன்னேன். தேத்தண்ணி ஆறும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போய்விட்டான். வாங்கினானோ தெரியாது. அடுத்த முறை காணும்போது கேட்கவேணும்.