கணக்கில் வராத வரி

நம் தங்கை மகளுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் மாப்பிள்ளைக்கும் மணமுறிவு உறுதியானபோது, கொடுக்கல் வாங்கலைப் பேசித் தீர்க்க ஜமாஅத்தார் நம்மையும் அழைத்திருந்தனர். இரு வீட்டாருமே வழக்கறிஞருக்குச் செலவழிக்க வகையற்றவர்கள். மாவட்டம் ஒன்றேயானாலும், கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் நீதிமன்றம் செல்லச் சென்னை வரை வந்து வேறு தடத்தில் ஏறவேண்டும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று!

பெண்ணின் தம்பி பள்ளிவாசல் திண்ணையில் மடிக்கணினியை விரித்தான். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ‘அமிகா’ என்னும் மென்பொருளை 2020இல் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அவனிடம் இருந்ததோ வெறும் எக்ஸெல் கணக்குத்தாள். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் அதே 2020இல் உச்சநீதிமன்றம் வகுத்த சொத்து விவரப் படிவத்தைப் பார்த்துத் தலைப்புகளை இட்டான். சம்பளம், மிகைநேரப் படி, சேமநல நிதி, வாகனக் கடன். அவற்றின் கீழே, 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் மஹர், இத்தாக்காலச் செலவு, பெண்ணுக்கு அளிக்கப்பட்ட பொருள்கள். இத்தாவுக்குப் பின்னுள்ள வாழ்வுக்கும் அந்தக் காலத்துக்குள்ளேயே ஏற்பாடு செய்யவேண்டுமென்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் தீர்ப்பானதால், அதற்கும் ஒரு வரி.

ஓர் எண்ணை மாற்றினால் அடியிலுள்ள கூட்டுத்தொகை தானே மாறிற்று. அதைக் கண்டபின் இரு தரப்பிலும் குரல் தாழ்ந்தது. நகை 12 பவுன், அதாவது 96 கிராம் என்று எழுதியபோதுதான், அதில் 5 பவுன் அடகிலிருப்பது வெளிவந்தது.

“கைக்கூலிக்கு ஒரு வரி போடவா, மாமா?” என்றான் பையன்.

திண்ணை அடங்கிப் போயிற்று. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்கியவர் மட்டுமல்லர், கொடுத்தவரும் குற்றவாளி. பெற்ற தொகை பெண்ணுக்கே சேரவேண்டும் என்பதும் அதே சட்டந்தான். தஃப்தரிலோ மஹர் 5,001 ரூபாய் மட்டுமே உண்டு. மறைவாகக் கைமாறிய இரண்டு லட்சத்துக்குத் துண்டுச் சீட்டும் கிடையாது. கடனை எழுதிவைக்கச் சொல்லும் மிக நீண்ட இறைவசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அந்நாளில் தஃப்தரில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களுள் நாமும் ஒருவர்.

“போடு. கொடுத்ததை நாம் பார்த்தோம்” என்றோம். மாப்பிள்ளையின் தகப்பனார் நம் முகத்தையே சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, தவணை வேண்டுமென்றார். முப்பது மாதமென முடிவாயிற்று.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டாதலால், இனித் திருவள்ளூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் செல்லவேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை வந்துவிடும். அதற்கு அச்செடுக்குமுன் பையன் ‘கைக்கூலி’ என்ற சொல்லை அழித்து, ‘அக்காவின் பணம்’ என்று தட்டினான்.